கழிவுப் பொருள்களைக் கொண்டு பலகை வண்டி செய்தல்: கொழும்பு ஒழுங்கைகளுக்கான வழிகாட்டி

பிளைவுட் ஏற்றி வரும் லொறி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒழுங்கைக்குள் நுழைவதில்லை. முகப்பிலேயே நின்று, ஷீட்டுகளை யாருடைய மதிலிலாவது சாத்திவிட்டுத் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து வீட்டு வாசல் வரையுள்ள நூறு அல்லது இருநூறு அடி தூரம் உங்கள் பொறுப்பு. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று 30 முதல் 35 கிலோ வரை நிறுக்கும். அதே தடிப்பில் எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஏறத்தாழ 40 கிலோ. தோளுக்கும் ஏறாமல் கைக்கும் அடங்காமல் இருக்கும் இந்தப் பொருளை இருவர் பிடித்து ஆறு தடவை நடப்பதற்குள் முதுகு பேசத் தொடங்கிவிடும். இதற்கென ஒரு வண்டியைப் பெரும்பாலும் எறியப்பட்ட பொருள்களைக் கொண்டே இரண்டு நாளில் செய்துவிடலாம். வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாள், துளையிடும் டிரில், ஸ்பனர் ஆகியவற்றைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பலகை வண்டிக்குச் சுமப்பது இரண்டாவது வேலைதான். சாயாமல் நிறுத்துவதே முதல் வேலை. ஐந்து எம்.டி.எப். ஷீட்டுகள் சேர்ந்தால் 200 கிலோ. நான்கு அடி உயரத்தில் நிற்கும் அந்த 200 கிலோ ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் அதைக் கையால் தடுக்க எவராலும் முடியாது. கீழே வரும் ஒவ்வோர் அளவும், ஒவ்வொரு கோணமும் இந்த ஒரு காரணத்தை ஒட்டியே தீர்மானிக்கப்பட்டவை. ஆகவே கையில் கிடைத்த பொருளுக்கேற்ப நீளத்தையோ தடிப்பையோ மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சாய்வையும் சில்லுகளின் இடைவெளியையும் மாற்றாதீர்கள்.

எனது முதல் வண்டி இந்தப் பாடத்தைச் செலவோடுதான் கற்பித்தது. பழைய அலுவலக நாற்காலியின் ஐந்து சிறிய சில்லுகளில் நான்கைக் கழற்றி ஒரு பலகையின் கீழ் பூட்டி, மூன்று ஷீட்டுகளை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டித் தள்ளினேன். வீட்டின் டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒழுங்கைக்கு வந்ததும், கானை மூடியிருந்த இரண்டு கொங்கிரீட் சிலாப்புகளுக்கு இடையிலிருந்த இரண்டு விரல் அகல இடைவெளியில் முன்சில்லு இறங்கி அப்படியே நின்றது. வண்டி நின்றது, ஷீட்டுகள் நிற்கவில்லை. முதலாவது ஷீட்டின் மூலை சிலாப்பில் குத்தி, நனைந்த விசுக்கோத்தைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. அன்று என் கால் அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை என்பதைத் தவிர மகிழ்ச்சியடைய எதுவும் இல்லை. புறக்கோட்டையில் நாட்டாமிமார் இழுக்கும் கைவண்டிகளுக்கு ஏன் அவ்வளவு பெரிய சில்லுகள் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். பெரிய சில்லு இடைவெளியின் மேலால் பாய்ந்துவிடும்; சிறிய சில்லு அதற்குள் விழும்.

முதலில் அளவெடுங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முகப்பிலிருந்து வேலை நடக்கும் அறை வரை ஒருமுறை நடந்து, மிக ஒடுங்கிய இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வீட்டுக் கேற்றாகவோ வாசற் கதவாகவோதான் இருக்கும். நான் இங்கே விளக்கும் வண்டி சில்லுகளோடு சேர்த்து 30 அங்குல அகலம் வரும். 3 அடிக் கதவுக்குள் தாராளமாகப் போகும். உங்கள் கதவு 30 அங்குலத்துக்கும் குறைவென்றால் வண்டியை ஒடுக்க முயலாதீர்கள். கதவு வரை வண்டியில் கொண்டுவந்து, அதற்குப் பிறகு ஷீட்டுகளைக் கையால் எடுப்பதே நல்லது.

பொருள்களைத் தேடுதல்

சில்லுகளிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் மற்ற அளவுகள் எல்லாம் அவற்றைப் பொறுத்தவை. கட்டட வேலைத் தளங்களில் சீமெந்தும் மணலும் தள்ளும் ஒற்றைச் சில்லு வீல்பரோவின் தொட்டி துருப்பிடித்து ஓட்டையானதும் முழு வண்டியையும் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அப்படி ஒரே அளவில் இரண்டு சில்லுகள் வேண்டும். பல வீல்பரோ ரயர்கள் 4.00-8 என்ற அளவைச் சேர்ந்தவை, அதாவது நமது முச்சக்கரவண்டிகளின் ரயர் அளவேதான். வெளிவிட்டம் ஏறத்தாழ 16 அங்குலம் இருக்கும். ரயர் தேய்ந்திருந்தாலும் ரியூப் ஓட்டையாக இருந்தாலும் கவலையில்லை. முச்சக்கரவண்டிக்கு ஒட்டுப்போடும் எந்தக் கடையிலும் சரிசெய்துகொள்ளலாம். வாங்குமுன் சில்லைக் கையில் தூக்கிப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பேரிங் கரகரவென்று சத்தமிட்டால் அல்லது சில்லு பக்கவாட்டில் ஆடினால் விட்டுவிடுங்கள்.

அச்சுக்கு 20 மி.மீ. தடிப்புள்ள உருண்டை இரும்புக் கம்பி வேண்டும். சில வீல்பரோ சில்லுகளின் உள்துளை 16 மி.மீ. மட்டுமே இருக்கும். நான்கு மி.மீ. குறைவதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். கம்பி நிரந்தரமாக வளைந்துவிடாமல் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 20 மி.மீ. கம்பி 16 மி.மீ. கம்பியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பலமுள்ளது. இந்த வண்டியில் 200 கிலோ ஏற்றும் எண்ணம் இருந்தால் 20 மி.மீ. துளையுள்ள சில்லுகளையே தேடுங்கள். 16 மி.மீ. தான் கிடைத்தது என்றால் சுமையை 100 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கம்பித் துண்டு, வாஷர், ஸ்பிளிட் பின், பெரிய போல்ட் ஆகியவை ஒரே நடையில் கிடைக்கும். அங்கே பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடச் சில்லையே கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது விரைவானது. புதிதாக வாங்க வேண்டியவை இரண்டே: நைலோன் வளையம் உள்ள நட்டுகள், 5 அங்குலக் காஸ்டர் சில்லுகள் இரண்டு. இவை பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹாட்வெயார்க் கடைகளில் இருக்கும். காஸ்டர் முழுவதும் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 80 கிலோவையாவது தாங்க வேண்டும்.

மரத்துக்குப் பலட், அதாவது சரக்குகளை அடுக்கி அனுப்பும் மரத்தட்டு, இருக்கிறது. இறக்குமதிப் பொருள்களோடு வந்து இறங்கும் பலட்டுகள் களஞ்சியங்களின் பின்புறத்தில் குவிந்து கிடக்கும், கேட்டால் சிலர் சும்மாவே தருவார்கள். ஆனால் பக்கவாட்டில் சுட்டுப் பொறித்த முத்திரையைப் பார்த்துவிட்டு எடுங்கள். ‘எச்.டி.’ (HT) என்று ஆங்கில எழுத்து இருந்தால் அந்த மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்கிறது, பயமின்றி அறுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் அது மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது. வீட்டில் வைத்து அறுப்பதற்கும் உளி பிடிப்பதற்கும் அது வேண்டாம். முத்திரையே இல்லாததை நான் எடுப்பதில்லை. பலட்டின் தடித்த நடுச்சட்டங்களே நமக்கு வேண்டியவை. மேற்பலகைகளை நெம்பி எடுத்தால் மரம் பிளக்கும். இடுக்கில் இரும்பு வாள் அலகை விட்டு ஆணியை அறுத்துவிடுவதே நல்ல வழி. தடித்த சட்டம் கிடைக்காவிட்டால் ஒரு மரக்காலையில் 3 அங்குலத்துக்கு 2 அங்குலத் துண்டுகளை வாங்கிக்கொள்ளலாம்; மொறட்டுவைப் பக்கம் போக வாய்ப்பிருந்தால் தச்சுப்பட்டறைகளின் வெட்டுத் துண்டுகளே போதும்.

மூன்று முக்கோணங்கள்

இந்த வண்டியின் உயிர் இந்த மூன்று முக்கோணங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டுகள்: 20 அங்குலக் குறுக்குச்சட்டம் ஒன்று, 3 அடி நிமிர்சட்டம் ஒன்று, நிமிர்சட்டத்தைப் பின்னாலிருந்து தாங்கும் முட்டு ஒன்று. முட்டின் நீளத்தை முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள், பொருத்திப் பார்த்தே வெட்ட வேண்டும்.

குறுக்குச்சட்டத்தைத் தரையில் கிடத்தி அதன் நடுவை, அதாவது 10 அங்குலத்தை, பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து 2 அங்குலம் முன்னே இன்னொரு குறி. நிமிர்சட்டத்தின் முன்விளிம்பு தொடங்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது குறி. நிமிர்சட்டம் நேராக நிற்கக்கூடாது, 10 பாகை பின்னே சாய வேண்டும். பாகைமானியைத் தேடி அலைய வேண்டாம்: 3 அடி உயரத்தில் நிமிர்சட்டத்தின் முனை, அடி இருக்கும் இடத்தைவிட 6¼ அங்குலம் பின்னே போயிருந்தால் அது 10 பாகை.

ஏன் 2 அங்குலம் முன்னே என்று கேட்கலாம். நான்கு அடி உயர ஷீட் 10 பாகை சாய்ந்து நிற்கும்போது அதன் பாரத்தின் நடுப்புள்ளி அடிவிளிம்பைவிட 4 அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பின்னே விழுகிறது. முன்னால் இன்னும் சில ஷீட்டுகள் அடுக்கப்பட்டதும் அந்தப் புள்ளி அடுக்கின் பாதித் தடிப்பான 2 அங்குலமளவுக்கு முன்னே நகர்கிறது. இரண்டையும் சமன்செய்து பார்த்தால், நிமிர்சட்டத்தின் அடி நடுக்கோட்டுக்கு 2 அங்குலம் முன்னே இருக்கும்போது முழுச்சுமையின் பாரம் இரண்டு சில்லுகளுக்கும் சரியாக நடுவில் இறங்கும். ஒற்றை ஷீட்டின் பாரமும் நடுவிலிருந்து வெகுதூரம் விலகாது.

சாய்வைப் பிடித்துக்கொண்டே முட்டை வைத்துப் பாருங்கள். அதன் மேல்முனை நிமிர்சட்டத்தில் 2 அடி உயரத்திலும் கீழ்முனை குறுக்குச்சட்டத்தின் பின்கோடியிலும் வர வேண்டும். பொருத்தமான நீளத்தில் வெட்டி, மூன்று சந்திப்புகளிலும் 10 மி.மீ. போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆணி வேண்டாம். வண்டி சிலாப்பில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் ஆணி அரை மயிரிழை கழன்று வரும். முதலாவது முக்கோணம் முடிந்ததும் அடுத்த இரண்டையும் அதன் மேலேயே கிடத்திச் செய்தால் மூன்றும் ஒரே சாய்வில் அமையும். தனித்தனியாக அளந்தால் அமையாது.

அடிச்சட்டமும் அச்சும்

4 அடி நீளமுள்ள இரண்டு நெடுஞ்சட்டங்களை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 20 அங்குலம் வரும்படி ஒன்றுக்கொன்று இணையாக வையுங்கள். 3 அங்குலப் பக்கம் உயரமாக நிற்க வேண்டும். இவற்றின் மேல் இரு கோடிகளிலும் ஒவ்வொரு முக்கோணமும், மூன்றாவது முக்கோணம் நடுவுக்கு ஒரு பக்கமாகச் சற்று விலகியும் வரும். சரியான நடுவில், அதாவது 2 அடிக் குறியில், அச்சு உட்கார வேண்டும்.

பலரும் அச்சை நெடுஞ்சட்டத்தின் கீழே பூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் ஷீட் ஏற்றும் தட்டு மூன்று அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும், தூக்குவதும் கடினம், சரிவதும் எளிது. அச்சை நெடுஞ்சட்டத்தின் மேலே வைத்து, சட்டத்தை அதிலிருந்து தொங்கவிடுவதே இந்த அமைப்பு. சட்டத்தின் மேல்விளிம்பில் கால் அங்குல ஆழத்துக்கு ஓர் உருண்டைப் பள்ளம் செதுக்கி அதில் அச்சைப் படுக்க வைத்து, மேலிருந்து ஒரு யூ-போல்ட்டால் கவ்வி, அதன் இரு கால்களும் சட்டத்தின் ஊடாகக் கீழே வந்ததும் ஓர் இரும்புத் தகட்டுத் துண்டைக் கோத்து நட்டை இறுக்குங்கள். தகடு இல்லாமல் வெறும் வாஷரோடு விட்டால் நட்டு மெல்ல மெல்ல மரத்துக்குள் புதைந்துவிடும். நீளமான யூ-போல்ட் கிடைக்காவிட்டால் எந்தக் கராஜிலும் உள்ள வெல்டிங் பாஸ் 10 மி.மீ. கம்பியை வளைத்து மரை வெட்டித் தருவார். தேடி வாங்குவதைவிட அது எளிது.

அச்சு சுழலாது, சில்லுகள்தான் அதில் சுழலும். கம்பியின் நீளத்தைச் சில்லின் ஹப்பை (அச்சு நுழையும் நடுப்பகுதியை) அளந்து தீர்மானியுங்கள்; ஒவ்வொரு பக்கமும் வாஷர், ஹப், வாஷர், பின் துளைக்கான அரை அங்குலம் என்று கூட்டினால் மொத்தம் 30 அங்குலத்துக்குள் நிற்கும். சில்லு சட்டத்தோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு குறைவாகவே அச்சு வளையும். எனவே உள்ளே ஒரு வாஷருக்கு மேல் போடாதீர்கள். கம்பியின் இரு முனைகளிலும் 5 மி.மீ. துளையிட்டு ஸ்பிளிட் பின்னைச் செருகி அதன் கால்களை விரித்துவிடுங்கள்.

இனி காஸ்டர். இரு கோடிகளிலும் உள்ள குறுக்குச்சட்டங்களின் நடுவில், கீழ்ப்பக்கமாக ஒவ்வொன்று. ஒரு மரத்துண்டை இடையில் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். வண்டியைச் சமதரையில் மட்டமாகப் பிடித்தால் இரண்டு காஸ்டர்களும் தரையைத் தொடாமல் ஏறத்தாழ 8 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அப்படியிருந்தால் எந்நேரமும் இரண்டு பெரிய சில்லுகளும் ஒரே ஒரு காஸ்டரும்தான் தரையில் இருக்கும்; மேடுபள்ளத்தில் நாற்காலியைப் போல ஆடாது, நின்ற இடத்திலேயே முழு வட்டமாகத் திரும்பும். ஒழுங்கை வளைவில் எட்டு அடி ஷீட்டோடு திரும்பிப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

தாங்குதட்டு

நிமிர்சட்டங்களின் முன்னே, ஷீட்டுகள் உட்காரும் 4½ அங்குல அகலப் பலகையை 4 அடி நீளத்துக்கு அறையுங்கள். அதன் முன்விளிம்பின் கீழ் முக்கால் அங்குல ஆப்பு வைத்தால் பலகையும் நிமிர்சட்டமும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கும். ஷீட் தன் பாரத்தாலேயே பின்னே சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு தடுப்பு. நிமிர்சட்டங்கள் மூன்றையும் இரண்டு கிடைப்பலகைகளால் இணைத்து, அவற்றின் மேல் பழைய சைக்கிள் ரியூபைப் பிளந்து விரித்து அறைந்துவிட்டால் ஷீட்டின் முகத்தில் கீறல் விழாது.

தட்டை இன்னும் அகலமாகச் செய்தால் என்ன என்று உதவிக்கு வருபவர் கட்டாயம் கேட்பார். செய்யாதீர்கள். 4½ அங்குலத்தில் 18 மி.மீ. பிளைவுட் ஆறு ஷீட்டுகள் அடங்கும்; அது 200 கிலோ. எம்.டி.எப். என்றால் ஐந்தோடு நிறுத்த வேண்டும். இடம் இருந்தால் ஏற்றத் தோன்றும். இந்த மனக்கோணலை அறிந்தே இடத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்.

பரிசோதனை

முதல் ஓட்டத்தை ஷீட்டோடு செய்ய வேண்டாம். சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ; நான்கு பைகளை அச்சுக்கு அருகில் குறுக்குச்சட்டங்களின் மேல் கிடத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரயரில் காற்று அதன் பக்கத்தில் பொறித்த அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு நேர்ப்பலகையை அச்சோடு ஒட்டிப் பிடித்து வளைவு ஏதும் உண்டா என்று கவனியுங்கள். பிறகு அதே பாரத்தோடு வேண்டுமென்றே ஒரு சிலாப் இடைவெளியைக் கடந்து தள்ளி, ஒவ்வொரு நட்டையும் மீண்டும் தொட்டுப் பாருங்கள்.

ஏற்றுதலும் தள்ளுதலும்

வண்டியின் இரு சில்லுகளுக்கும் மரஆப்பு வைத்துவிட்டே ஏற்றத் தொடங்குங்கள். அந்த ஆப்புகளைக் கயிற்றால் வண்டியிலேயே கட்டிவைத்தால் தொலையாது. கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 200 கிலோவுக்குத் தெரியும். ஷீட்டின் நீளப்பக்கம் கீழே இருக்க, ஒரு முனையைத் தட்டில் வைத்து மறுமுனையைத் தூக்கினால் முழுப்பாரமும் ஒருபோதும் கைக்கு வராது. இரு பக்கமும் இரண்டடி வெளியே நீளும்படி நடுவாக நகர்த்துங்கள். கடைசி ஷீட் ஏறியதும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். மோட்டார்சைக்கிள் ரியூபை வெட்டிய பட்டி நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான், ஆனால் ரப்பர் நீளும். நீளாத கயிறோ பழைய வாகன இருக்கைப் பட்டியோ மேல்.

வண்டிக்குத் தனிப்பிடி தேவையில்லை. பின்னால் இருப்பவர் ஷீட்டுகளின் முனையையே பிடித்துத் தள்ளுகிறார், முன்னால் இருப்பவர் வழியைப் பார்த்துத் திருப்புகிறார். இருவரும் இரு கோடிகளில் மட்டுமே நடக்க வேண்டும். ஷீட் விழக்கூடிய முன்பக்கத்தில் எவரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நிற்கக்கூடாது. சரியத் தொடங்கினால் பிடிக்கப் போகாமல் விலகுங்கள். எட்டுக்கு நான்கு அடி ஷீட் என்பது 32 சதுர அடிக் கப்பற்பாய். பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு கடற்கரையை ஒட்டிய ஒழுங்கைகளில் இந்த வேலை வேண்டாம், காலையில் முடித்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும், எம்.டி.எப். ஒருமுறை நனைந்து ஊதினால் திரும்பாது. காலி வீதி போன்ற பிரதான வீதியில் இந்த வண்டியை இறக்கவே வேண்டாம், இது ஒழுங்கைக்கானது. கண்ணாடியை இதில் ஏற்றாதீர்கள். பழைய வீடுகளிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்ரஸ் சீலிங் ஷீட்டையும் அப்படியே. உடைந்தால் வரும் தூசுதான் அங்கே ஆபத்து.

இரும்புப் பாகங்களுக்குத் துருத்தடுப்பு வர்ணம் இரண்டு பூச்சுப் பூசுங்கள், கடலுக்கு அருகில் ஒரு மழைக்காலத்திலேயே நட்டு துருவேறி இறுகிவிடும். பலட் மரம் வீட்டுக்குள் வந்ததும் மேலும் உலர்ந்து சுருங்குவதால் முதல் மூன்று ஓட்டங்களுக்குப் பிறகும் எல்லா போல்ட்களையும் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்த நாளில் காற்றைச் சற்று இறக்கி, ஒரு கோடியில் நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, நிமிர்சட்டத்தைச் சுவரில் உள்ள கொளுக்கியோடு கட்டிவிடுங்கள். வெறும் வண்டியும் முப்பது கிலோவுக்குக் குறையாது.